பூட்டிய வீட்டின் எடை

2020 ஏப்ரல், மே மாதங்களில் ஊரடங்கு நாட்டையே வீட்டுக்குள் வைத்திருந்தது. அப்போது பெங்களூருவிலுள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து 12 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 உழைப்பாளர்களைத் தொலைபேசியில் அழைத்தது. வேலை இருக்கிறதா, கையில் காசு இருக்கிறதா, ரேஷன் கிடைத்ததா என்று கேட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் வேலை போய்விட்டது என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே எண்களுக்கு மறுபடியும் அழைத்தார்கள். இந்த முறை பேசக் கிடைத்தவர்கள் 2,778 பேர்.

அந்த 2,778 பேர் சொன்னது முக்கியம்தான். ஆனால் அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து எனக்கு மற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்மீதுதான் நினைவு. எண்ணை மாற்றிவிட்டார்களா? ரீசார்ஜ் செய்யப் பணம் இல்லையா? போனையே விற்றுவிட்டார்களா? இல்லை, நல்ல வேலை கிடைத்துப் பேச நேரமில்லாமல் இருந்தார்களா? காரணம் வறுமை என்றால், பேசிய 2,778 பேர் கொஞ்சம் வசதியானவர்கள். நிலைமை அவர்கள் சொன்னதைவிட மோசம். காரணம் வேலை என்றால் கதை தலைகீழ். போனை எடுக்காதவர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவர் எடுக்காமல் விட்டதே, எடுத்தவர்கள் சொன்னதன் பொருளை மாற்றிவிடுகிறது.

ஒருமுறை மட்டும் எடுக்கும் கணக்கெடுப்பு ஒரு புகைப்படம் போல. இன்று எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று அது சொல்லும். போன வருடம் வேலை இல்லாதவர்தான் இந்த வருடமும் இல்லாமல் இருக்கிறாரா, அல்லது ஆள் மாறிவிட்டாரா என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதே ஆளிடம், அதே வீட்டில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும். ஏழ்மையிலிருந்து ஏறியவர் யார், சறுக்கியவர் யார், மறதி நோய் யாருக்கு எந்த வயதில் தொடங்குகிறது என்பதெல்லாம் இந்த நெடுங்காலத் தொடர் ஆய்வுகளால்தான் தெரியவரும். அவற்றுக்கு ஒரே ஒரு தீராத நோய் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் உதிர்கிறார்கள்.

களத்தில் வேலை செய்பவர்கள் இதற்கு மூன்றே சொற்கள் வைத்திருக்கிறார்கள்: டோர் லாக், ரெஃப்யூஸ், ஷிஃப்ட். வீடு பூட்டிக் கிடக்கிறது, பேச மாட்டேன் என்கிறார், குடிமாறிப் போய்விட்டார். இந்தியாவில் மூன்றாவதுதான் பெரிய பிரச்சினை, அதுவும் நகரங்களில். டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. ஏழு வருடம் கழித்து, 2011-12இல், அதே குடும்பங்களைத் தேடிப் போனபோது மொத்தத்தில் 83 விழுக்காடு கிடைத்தது. கிராமங்களில் 90, நகரங்களில் 72. ஊரில் காணாமல் போகாத குடும்பம் நகரத்தில் காணாமல் போகிறது.

பெங்களூருவில் வாழ்பவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இது 11 மாத வாடகை ஒப்பந்தங்களின் ஊர். மென்பொருள் வேலைக்கு வந்தவர் அலுவலகம் மாறினால் வைட்ஃபீல்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிபெயர்வார். பி.ஜி. விடுதிகளில் கட்டிலுக்கு வாடகை. கட்டிலில் இருப்பவர் மாதத்துக்கொருவர். ராய்ச்சூர், யாத்கிர், கலபுரகியிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிகள், எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தின் பக்கத்திலேயே நீலத் தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கிறார்கள். கட்டடம் முடிந்ததும் அந்தக் கொட்டகைகள் இருந்த தடமே இருக்காது. அதே அடுக்ககத்தில் பிறகு குடிவருபவரைப் பார்ப்பதும் லேசில்லை. வாசலில் செக்யூரிட்டி, அவர் கையில் செயலி, மேலே இருப்பவர் சம்மதம் தட்டினால்தான் கதவு திறக்கும். கணக்கெடுப்பாளருக்கு ஒருவர் கிடைக்காமல் போவது அவர் ஏழை என்பதால். இன்னொருவர் கிடைக்காமல் போவது அவர் பணக்காரர் என்பதால். நடுவில் இருப்பவர்களின் குரல் மட்டும் கணக்கில் ஓங்கி ஒலிக்கும்.

இந்தக் கோணலை நேராக்கத்தான் எடை.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர் தன் கவரைக் கொடுத்துவிட்டு, "அண்ணனால வர முடியல, அவர் பேருக்கும் எழுதிக்குங்க" என்று இன்னொரு கவரை நீட்டுவார். புள்ளியியல் எடையும் வராதவருக்காக வந்தவர் எழுதும் மொய்தான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல்யாண வீட்டில் அண்ணன் கொடுத்தனுப்பிய கவருக்குள் இருப்பது அவருடைய பணம். ஆய்வில் அப்படி ஒரு கவரே கிடையாது. வராத அண்ணன் எவ்வளவு தந்திருப்பார் என்று, வந்த தம்பியின் தொகையைப் பார்த்து ஊகிக்கிறோம். எனவே தம்பி எந்த அளவுக்கு அண்ணனைப் போன்றவர் என்பதுதான் கேள்வி. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். இவை புரிவதற்காக நான் அமைத்த எண்கள்தான். ஒரு பகுதியில் முதல் சுற்றில் 200 குடும்பங்களைச் சந்திக்கிறோம். 100 சொந்த வீடு, 100 வாடகை வீடு. ஒரு வருடம் கழித்துப் போனால் சொந்த வீட்டுக்காரர்களில் 90 பேரும் வாடகைக்காரர்களில் 60 பேரும் கிடைக்கிறார்கள். வருமானம் குறைந்துவிட்டதா என்று கேட்கிறோம். சொந்த வீட்டுக்காரர்களில் 18 பேர், வாடகைக்காரர்களில் 30 பேர் ஆம் என்கிறார்கள். அப்படியே கூட்டினால் 150இல் 48. அதாவது 32 விழுக்காடு.

இதில் வாடகைக்காரர்கள் குறைவாக எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. ஆகவே எடை போடுகிறோம். 60 வாடகைக்காரர்கள் 100 பேருக்காகப் பேச வேண்டும்; ஒவ்வொருவர் எடையும் 100ஐ 60ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 1.67. சொந்த வீட்டுக்காரர் எடை 100ஐ 90ஆல் வகுத்தால் 1.11. இப்போது வருமானம் குறைந்தவர்கள் 200இல் 70. விழுக்காடு 35 ஆகிவிட்டது.

இத்தோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. ஆனால் முதல் சுற்றிலேயே நாம் இன்னொன்றும் கேட்டிருந்தோம் என்று வையுங்கள்: மாதச் சம்பளமா, தினக்கூலியா? வாடகைக்காரர்கள் 100 பேரில் 50 பேர் சம்பளக்காரர், 50 பேர் கூலிக்காரர். இரண்டாம் சுற்றில் கிடைத்த 60 பேரில் சம்பளக்காரர் 40, கூலிக்காரர் வெறும் 20. அந்த 20 பேரில் 18 பேருக்கு வருமானம் குறைந்திருக்கிறது; 40 சம்பளக்காரர்களில் 12 பேருக்கு. இனி ஒவ்வொரு கூலிக்காரரும் இரண்டரை பேருக்காகப் பேச வேண்டும். சம்பளக்காரர் ஒன்றேகால் பேருக்காக. கூலிக்காரர் பக்கம் 18 என்பது 45 ஆகிறது, சம்பளக்காரர் பக்கம் 12 என்பது 15 ஆகிறது, சொந்த வீடு முன்போலவே 20. மொத்தம் 80. விழுக்காடு 40.

32, 35, 40. ஒரே தரவு. ஒரு வீட்டில்கூட மறுபடி கதவைத் தட்டவில்லை. போனவர்களைப் பற்றி என்ன தெரியும் என்பது மட்டும்தான் மாறியது.

தொடர் ஆய்வுக்கு மற்ற ஆய்வுகளுக்கு இல்லாத செல்வம் இதுதான். ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில் பூட்டிய வீடு வெறும் பூட்டிய வீடு. உள்ளே யார் என்று தெரியாது. தொடர் ஆய்வில் இரண்டாம் சுற்றில் காணாமல் போனவர் முதல் சுற்றில் நம் எதிரே உட்கார்ந்து பேசியவர். அவருடைய வயது, படிப்பு, தொழில், வீட்டில் கழிப்பறை உண்டா என்பது வரை கையில் இருக்கிறது. அதை வைத்து, யார் யார் தங்குவார்கள், யார் யார் போவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிகழ்தகவைக் கணிக்கலாம். தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று கணிக்கப்பட்ட ஒருவர் தங்கிவிட்டால் அவருக்கு எடை நான்கு. அவரைப் போன்று போய்விட்ட மூவருக்கும் சேர்த்து அவர்தான் பேச வேண்டும். அடுத்த சுற்றில் இன்னும் சிலர் உதிர்வார்கள். அப்போது பழைய எடையைப் புதிய எடையால் பெருக்க வேண்டும். சுற்று ஏற ஏற எடைகளும் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும்.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் அந்தத் தொலைபேசி ஆய்வில் இப்படிச் செய்ய வழியில்லை. முதலில் அழைக்கப்பட்டவர்களே தொண்டு நிறுவனங்களின் வழியாகக் கிடைத்தவர்கள். குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் அல்ல. நாட்டில் எத்தனை பேருக்காக ஒருவர் பேசுகிறார் என்றே சொல்ல முடியாத இடத்தில் எடைக்குப் பொருள் இல்லை. அந்த அவசரத்தில் அது சரியான முடிவும்கூட. பசியைக் கேட்டறிய ஒரு வருடம் திட்டமிட்டுக்கொண்டிருக்க முடியாது. அதே 2020இன் தொடக்கத்தில், அந்தப் பல்கலைக்கழகமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் சேர்ந்து கர்நாடகத்திலும் ராஜஸ்தானிலும் வீடு வீடாகப் போய் இன்னோர் ஆய்வைத் தொடங்கியிருந்தன. தொற்று வந்து அது பாதியில் நின்று, பிறகு தொலைபேசிக்கு மாறியது. அங்கே போனை எடுக்காதவர் யார் என்று தெரியும், ஏனென்றால் தொற்றுக்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

இப்போது கடினமான இடத்துக்கு வருவோம். என் கணக்கில் நான் ஒன்றைச் சத்தமில்லாமல் நம்பிவிட்டேன். போய்விட்ட 30 கூலிக்காரர்கள், தங்கிய 20 கூலிக்காரர்களைப் போன்றவர்களே என்று. அப்படி இல்லாவிட்டால்? வருமானம் போனதால்தான் வாடகை கொடுக்க முடியாமல் அவர்கள் ஊருக்கே போனார்கள் என்றால்? எதை அளக்க வந்தோமோ அதுவே ஆளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் 1976இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். விடுபட்டவர்களின் விடுபடலை நமக்குத் தெரிந்த விவரங்களே விளக்கிவிட்டால் எடை வேலை செய்யும். நமக்குத் தெரியாத அந்த விடையே விடுபடலுக்குக் காரணமாக இருந்தால் எந்த எடையும் உதவாது. இரண்டில் எது நடந்தது என்பதைக் கையிலிருக்கும் தரவை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குவது.

அப்படியானால் வழி? மோரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்ற இருவர் 1946இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது, அதில் நேர்மை இருப்பதால். தபாலில் வினாத்தாள் அனுப்புங்கள். பதில் போடாதவர்களில் குலுக்கல் முறையில் ஒரு சிறு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு செலவானாலும் அவர்களை நேரில் போய்ப் பாருங்கள். பெங்களூருவில் காணாமல் போன 40 வாடகைக் குடும்பங்களில் பத்தைக் குலுக்கி எடுத்து, ராய்ச்சூரோ தர்மபுரியோ, போன இடத்துக்கே பஸ் ஏறிப் போவது. கிடைத்த பத்தும் நாற்பதுக்காகப் பேசும். எடை நான்குதான், ஆனால் இப்போது போனவர்களுக்காகப் பேசுவது போனவர்களே. ஊகம் குறைந்து, பேருந்துக் கட்டணம் கூடுகிறது. நிதி தருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டணத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பூட்டிய வீட்டுக்கு இன்னொரு பழைய வைத்தியம் உண்டு. ஆல்ஃபிரட் பாலிட்ஸும் வில்லார்ட் சிம்மன்ஸும் 1949இல் விவரித்தது. கதவைத் திறந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: இதற்கு முந்தைய ஐந்து மாலைகளில் இந்த நேரத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள்? இன்றோடு சேர்த்து ஆறுக்கு ஆறு நாளும் இருந்தவருக்கு எடை ஒன்று. இன்று மட்டும்தான் இருந்தேன் என்பவருக்கு எடை ஆறு, ஏனென்றால் அவரைப் போன்ற ஐந்து பேரின் வீடு இன்று பூட்டியிருக்கும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய் அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் இரவு ஒன்பதுக்கு வீடு சேரும் ஊருக்கென்றே யோசித்ததுபோல் இருக்கிறது.

எடை தோற்கும் இடத்தையும் நம் நாடு கண்ணெதிரே பார்த்தது. மும்பையின் சி.எம்.ஐ.இ. நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் நுகர்வோர் குடும்ப ஆய்வு, இந்தியாவின் மிகப்பெரிய தொடர் ஆய்வுகளில் ஒன்று. ஏறத்தாழ 1.7 லட்சம் குடும்பங்கள். நான்கு மாதத்துக்கொரு சுற்று. அரசின் நுகர்வுச் செலவு விவரங்கள் வராத வருடங்களில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அதுதான். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, தொற்றுக் காலத்தில் கூடுதலாக 23 கோடிப் பேர் ஒரு நாளுக்கு 375 ரூபாய் என்ற குறைந்தபட்சக் கூலி வரம்புக்குக் கீழே விழுந்தார்கள் என்று சொன்னது இந்தத் தரவை வைத்துத்தான்.

அடுத்த மாதமே பொருளியலாளர் ழான் த்ரேஸும் அன்மோல் சோமாஞ்சியும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். இந்த ஆய்வில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ன? கணக்கெடுப்பாளர் பிரதான தெருவின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, குறிப்பிட்ட இடைவெளி விட்டு வீடுகளைத் தேர்ந்தெடுப்பார். எண்ணிக்கை நிரம்பாவிட்டால்தான் உள்தெருக்களுக்குள் நுழைவார். நம் ஊர்களில் பிரதான தெருவில் யார் இருப்பார்கள், கடைசிச் சந்தில் யார் இருப்பார்கள் என்று எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்வியறிவிலும் வீட்டு வசதிகளிலும் இந்த ஆய்வின் குடும்பங்கள் அரசின் தேசியக் குடும்பநல ஆய்வின் குடும்பங்களைவிட மேலே நிற்பதை அவர்கள் சுட்டினார்கள். சி.எம்.ஐ.இ.யின் மகேஷ் வியாஸ் மறுப்பு எழுதினார். வாதம் நீண்டது.

அந்த வாதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது, பொதுவெளியில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம். அந்த ஆய்வு தன் தரவோடு எடையையும், பதிலின்மைக்கான ஒரு பெருக்கெண்ணையும் தனித்தனியே தருகிறது. அந்தப் பெருக்கெண் இடத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது: ஒரு வட்டாரத்தின் நகர்ப்புறத்தில் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் எத்தனை, பதில் தந்தவை எத்தனை. ஊரடங்கில் கணக்கெடுப்பு தொலைபேசிக்கு மாறிப் பதில் தருவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தபோது அந்த எண் பெரிதாயிற்று. ஆனால் அது வட்டாரத்துக்குள் இருக்கும் எல்லோரையும் ஒரே அளவில் தூக்குகிறது. பெங்களூருவின் வசதியான இந்திரா நகரில் பதில் சொன்னவரும், ஊருக்குப் போய்விட்ட கூலித் தொழிலாளிக்காகச் சமமாகப் பேசுகிறார். என் கணக்கில் 35இல் நின்றுவிட்டவர் செய்ததுதான் இது.

உலக வங்கியின் சுதீர்த்த சின்ஹா ராயும் ராய் வான் டெர் வைடும் 2022இல் வேறொரு வழியில் போனார்கள். அரசின் பிற ஆய்வுகளில் தெரியும் படிப்பு, உடைமை, குடும்ப அமைப்பு ஆகியவற்றோடு ஒத்துப்போகும்வரை அதே குடும்பங்களின் எடைகளைத் திருத்தினார்கள். வசதியானவர்களின் எடை இறங்கியது, வறியவர்களின் எடை ஏறியது. அந்தத் திருத்திய எடைகளை வைத்து, இந்தியாவில் வறுமை 2011இல் 22.5 விழுக்காட்டிலிருந்து 2019இல் 10.2 ஆகக் குறைந்தது என்று கணித்தார்கள். நுட்பமான வேலை. ஆனாலும் கடைசிச் சந்தில் இருக்கும் ஒரு வகைக் குடும்பம் மாதிரியில் அறவே இல்லையென்றால் எந்தத் திருத்தமும் அதை உள்ளே கொண்டுவராது. சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம்தான். எடை என்பது குறைவாக வந்தவர்களுக்குத்தான். வராதே போன கூட்டத்துக்கு அல்ல.

இதில் இன்னொரு சிக்கல், அந்த ஒத்துப்பார்க்கும் அளவுகோல். வயது, பால், படிப்பு என்று மாதிரியின் கூட்டுத்தொகைகளை மக்கள்தொகைக் கணக்கோடு மாறிமாறிச் சரிசெய்து இசைய வைக்கும் உத்தியை 1940இல் எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஃபிரெடெரிக் ஸ்டீஃபனும் தந்தார்கள். அழகான உத்தி, உலகெங்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் எதோடு இசைய வைப்பது? நம்மிடம் கடைசியாக இருக்கும் முழுக் கணக்கு 2011இன் சென்சஸ். அன்று பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 96 லட்சம். அதற்குப் பிறகு இந்த ஊர் வளர்ந்த வளர்ச்சிக்கு ஆதாரம் வேண்டுமென்றால் எந்தப் பெருமழை நாளிலும் வீடுகள் நெருக்கிய ஓர் ஏரிக்கரையில் நின்று பார்க்கலாம். அடுத்த சென்சஸ் 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டது. அதுவரை மதிப்பீடுகளை நம்பித்தான் எடை போட வேண்டும். தராசே பழையது.

முதியோர் ஆய்வுகளுக்கு வருவோம். அங்கே உதிர்வுக்கு வேறொரு முகம் உண்டு. இந்தியாவின் நெடுங்கால முதுமை ஆய்வு 2017-19இல் தன் முதல் சுற்றில் 45 வயது கடந்தவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,250 பேரைச் சந்தித்தது. அவர்களில் 60 வயது கடந்த 4,096 பேரைத் தேர்ந்து, மறதி நோயைக் கண்டறியும் தனி ஆய்வு ஒன்று நடந்தது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் அதில் ஒரு மையம். இங்கே எடை இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. ஏனென்றால் நினைவாற்றல் குறையும் அபாயம் உள்ளவர்களை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்திருந்தார்கள். அரிதான ஒன்றைப் படிக்க அதை உடையவர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும். எடை போடாமல் எண்ணினால் நாட்டில் மறதி நோய் உண்மையில் இருப்பதைவிட மிக அதிகம் என்று வரும். எடை போட்டுக் கணித்ததில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் தெரியவந்தது.

இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்து மாம்பழ ஊரான சீனிவாசபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் 2018 முதல் ஓர் ஆய்வை நடத்திவருகிறது. 45 வயது கடந்த 10,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து, மூளை எப்படி மூப்படைகிறது என்று பார்ப்பது திட்டம். இப்படிப்பட்ட ஆய்வில் ஒருவர் அடுத்த சுற்றுக்கு வராமல் போக இரண்டு காரணம் இருக்கலாம். மகன் வீட்டுக்கு பெங்களூரு போயிருக்கலாம். இறந்திருக்கலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பெரிய தவறு. பெங்களூரு போனவர் இன்னும் மக்கள்தொகையில் இருக்கிறார். அவருக்காக இன்னொருவர் பேச வேண்டும். இறந்தவர் அந்த மக்கள்தொகையிலிருந்தே நீங்கிவிட்டார். அவருக்காகவும் எடை ஏற்றினால், யாரும் சாகாத ஓர் ஊரைக் கணினிக்குள் உருவாக்குகிறோம். உயிரோடு இருக்கும் திடமானவர்கள் இறந்தவர்களின் மூளைக்காகச் சாட்சி சொல்வார்கள். ஆகவே காணவில்லை என்பவரில் மாண்டவர் யார், மாறிப்போனவர் யார் என்று கிராமத்தில் விசாரித்து எழுதும் ஒரு வரி, எந்தச் சூத்திரத்தைவிடவும் மதிப்புள்ளது.

இன்னொரு வகை உதிர்வும் அங்கே உண்டு. நினைவு மங்கத் தொடங்கியவரே சோதனைக்கு வரத் தயங்குவார். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். ரூபின் சொன்ன அந்த மோசமான நிலை இதுதான். வீட்டுக்கே போய்ச் சோதிப்பதும், வீட்டாரிடம் தனியே கேட்பதும்தான் மருந்து.

எடை பெரிதாகும்போது வேறு ஆபத்தும் வரும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தேபப்ரத பாசு 1971இல் ஒரு யானைக் கதை சொன்னார். சர்க்கஸ் உரிமையாளரிடம் 50 யானைகள். அவற்றின் மொத்த எடை வேண்டும். ஒன்றைத்தான் நிறுக்க முடியும். நடுத்தரமான சாம்போவை நிறுத்து 50ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கிறார். சர்க்கஸின் புள்ளியியலாளர் அது முறையல்ல என்கிறார். குலுக்கலில் சாம்போ வர நூற்றுக்கு 99 வாய்ப்பும், மற்ற ஒவ்வொரு யானைக்கும் 4,900இல் ஒரு வாய்ப்பும் வைக்கிறார்கள். எதிர்பார்த்தபடி சாம்போவே வருகிறது. இப்போது 50ஆல் பெருக்கலாமா என்கிறார் உரிமையாளர். கூடாது, வாய்ப்பின் தலைகீழால்தான் பெருக்க வேண்டும், அதாவது 100ஐ 99ஆல் வகுத்து வரும் எண்ணால் என்கிறார் புள்ளியியலாளர். 50 யானைகளின் மொத்த எடை ஒரே ஒரு சாம்போவின் எடையைவிடச் சற்றே அதிகம் என்று விடை. பெரிய யானை ஜம்போ வந்திருந்தால்? 4,900 ஜம்போக்களின் எடை. புள்ளியியலாளருக்கு வேலை போயிற்று.

பாசு தாக்கியது 1952இல் ஹோர்விட்ஸும் தாம்சனும் தந்த சூத்திரத்தை. நான் மேலே விவரித்த எடைகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. சூத்திரம் பிழையல்ல. நூறு கோடி முறை குலுக்கினால் சராசரியில் சரியான விடையைத் தரும். ஆனால் நமக்குக் கிடைப்பது ஒரே குலுக்கல். தொடர் ஆய்வின் பத்தாம் சுற்றில் ஒருவருடைய எடை ஏறி ஏறி 50 ஆகிவிட்டது என்றால், அந்த ஒருவர் அன்று பல்வலியில் சொன்ன விடை 50 பேரின் விடையாகிவிடும். அதனால் ஓர் உச்சவரம்புக்கு மேல் எடைகளை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் கொஞ்சம் கோணல் திரும்ப வரும். வெட்டாவிட்டால் விடை குதிக்கும். எங்கே வெட்டுவது என்பதற்குச் சூத்திரம் முழுப் பதில் தராது. அங்கே ஆய்வாளரின் முடிவுதான். அந்த முடிவை அவர் எழுதி வைக்க வேண்டும்.

உதிர்வைக் கண்டு எல்லாம் போயிற்று என்று நினைக்கவும் கூடாது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கிய வருமானத் தொடர் ஆய்வு இன்றும் நடக்கிறது. 1989க்குள் அதன் முதல் மாதிரியில் பாதிப்பேர் உதிர்ந்திருந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு, காட்ஷாக், மாஃபிட் மூவரும் 1998இல் அதைத் துருவிப் பார்த்தார்கள். போனவர்கள் வருமானம் குறைந்தவர்களாகவும் நிலையற்ற வாழ்க்கை உடையவர்களாகவும்தான் இருந்தார்கள். ஆனாலும் மிஞ்சிய பாதி, நாட்டின் பொதுவான சித்திரத்தை அஞ்சிய அளவுக்குக் குலைக்கவில்லை. இருபது வருடம் ஒவ்வொரு வருடமும் போனவர்களைப் பற்றிய விவரத்தைச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அதைச் சொல்லவே முடிந்தது.

இந்தியாவில் அந்த விவரத்தைச் சேர்ப்பவர் ஒரு தோள்பையும் டேப்லெட்டும் வைத்துக்கொண்டு பெங்களூரு ஸ்ரீராமபுரத்துச் சந்துகளில் ஏறி இறங்குபவர். கன்னடத்தில் தொடங்கி, வீட்டுக்காரம்மாவின் பேச்சில் தமிழ் தட்டியதும் தமிழுக்கு மாறி, ஒரு மணி நேரக் கேள்விகளை முடித்து, கடைசியில் அவர் கேட்கும் கேள்விக்கு ஆய்வறிக்கையில் அட்டவணை எதுவும் வராது. "அக்கா, நீங்க வீடு மாறிட்டா உங்களை எங்க தேடறது? விவரம் சொல்ற மாதிரி ஒருத்தர் பேரு, நம்பர் குடுங்க." அக்கா கொஞ்சம் யோசித்து, முனையிலிருக்கும் மளிகைக் கடைக்காரர் எண்ணையும், ஓசூரில் இருக்கும் நாத்தனார் எண்ணையும் சொல்கிறார். அவர் இரண்டையும் எழுதிக்கொண்டு, சரியா என்று மறுபடி வாசித்துக் காட்டுகிறார்.